ஓடிஜி ஓவனில் தூத்துக்குடி மக்ரூன்: நமுக்காமல் வந்த அளவுகளும் சூடும்

கடைசியாக எடுத்த தட்டில் மக்ரூன் நுனியிலிருந்து அடி வரை ஒரே பதமாகக் காய்ந்திருந்தது. இரண்டாக உடைத்தால் உள்ளே பொந்து இல்லை, நடுவில் பிசுபிசுப்பு இல்லை. நிறம் லேசான தந்த வெள்ளை. வாயில் போட்டதும் சர்க்கரை கரைந்து, முந்திரித் துகள் மட்டும் நாக்கில் நிற்கிறது. தூத்துக்குடி பேக்கரிகளில் கூம்பு கூம்பாக அடுக்கி வைத்து நிறுத்து விற்கும் மக்ரூனின் குணம் இதுதான். முந்தைய தட்டுகளில் சில வெடித்தன, சில படுத்தன, சில மறுநாளே நமுத்துப் போயின. எது எதனால் கெட்டது, எதை மாற்றியதும் சரியானது என்பதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பொருட்கள் மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, சோடா உப்பும் வேண்டியதில்லை. அதனால் ஒன்றில் பிசகினால் இன்னொன்று தாங்கிப் பிடிக்காது. இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: மக்ரூனைச் சுடுவதில்லை, உலர்த்துகிறோம். விறகு அடுப்பு உள்ள பேக்கரிகளில் ரொட்டியும் பிஸ்கட்டும் வெந்து முடிந்த பிறகு, தணிந்துகொண்டே போகும் சூட்டில் மணிக்கணக்காக விட்டு எடுப்பதன் காரணம் அதுவே. வீட்டு ஓவனில் கேக் சுடும் 180 டிகிரியை நினைத்துக்கொண்டு இறங்கினால் ஒரு தட்டும் தேறாது.

கருவிகள்

28 லிட்டர் ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில் என்னும் சிறிய மின்சார ஓவன்), கையில் பிடிக்கும் 300 வாட் எலெக்ட்ரிக் பீட்டர், ஒரு கிராம் துல்லியத்துக்கு நிறுக்கும் டிஜிட்டல் தராசு, அகலமான எவர்சில்வர் பாத்திரம், ரவை சல்லடை, சிலிக்கான் கரண்டி. இவற்றோடு ஓவனுக்குள் கம்பித் தட்டில் நிற்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று, சுமார் 350 ரூபாய். வாங்கியதிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான். ஓவன் குமிழில் 100 என்று வைத்திருக்கும்போது உள்ளே முள் 95-லிருந்து 150 வரை ஏறி இறங்குவதை அது காட்டிக்கொடுத்தது. குமிழில் உள்ள எண்ணை நம்பி அளவுகளை மாற்றிக்கொண்டே இருந்ததெல்லாம் வீண் வேலை.

பீட்டருக்குப் பதிலாக மிக்ஸி உதவாது. பிளேடு நுரையை வெட்டிவிடும், காற்று நிற்காது. கம்பி விஸ்க் வைத்துக் கையால் அடிக்கலாம். அரை மணி நேரத்துக்கு மேல் கை ஓயாமல் ஓட வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதன் கீறல்களில் எண்ணெய்ப் பசை தங்கும்.

அளவு

வெள்ளைக்கரு 130 கிராம் (சராசரி அளவு முட்டை நான்கு), சர்க்கரை 200 கிராம், முந்திரி 180 கிராம், எலுமிச்சைச் சாறு கால் டீஸ்பூன். சாறு கட்டாயமில்லை, நுரை நிலைத்து நிற்க உதவுகிறது, புளிப்பு தெரிவதில்லை.

முட்டையை எண்ணிப் போடாமல் வெள்ளைக்கருவை நிறுத்துப் போடுங்கள். ஒரு முட்டையில் 28 கிராமும் வரும், 37 கிராமும் வரும். நான்கு முட்டையில் இந்த வித்தியாசம் சேர்ந்தால் கலவையின் இறுக்கமே மாறிவிடுகிறது.

சர்க்கரையை 260 கிராமாகக் கூட்டிப் பார்த்த தட்டு நறநறவென்று வந்தது. 130 கிராம் வெள்ளைக்கருவில் தண்ணீர் ஏறக்குறைய 115 கிராம். அறைச் சூட்டில் அவ்வளவு தண்ணீர் 230 கிராம் சர்க்கரையைத்தான் கரைக்கும், மீதி மணலாகவே நிற்கும். 150-க்குக் குறைத்தாலோ நுரைக்குப் பிடிமானம் போதவில்லை. கூம்பு பிழிந்த சில நிமிடங்களில் நுனி மழுங்கி உட்கார்ந்துவிட்டது. 200 நடுவாக நிற்கிறது.

முந்திரி

முழு முந்திரி வாங்க வேண்டியதில்லை, துண்டு முந்திரி போதும். வறுக்கக் கூடாது. வறுத்தால் மணம் கூடும், ஆனால் எண்ணெய் வெளியே வரும், நிறமும் மாறும். பச்சையாகவே, ஆனால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைக்கலாம், அல்லது ஓவனில் 100 டிகிரியில் பத்து நிமிடம். அதன் பிறகு முழுக்க ஆறியே ஆக வேண்டும். வெதுவெதுப்பாக மிக்ஸியில் போட்ட முந்திரி பொடியாகாமல் விழுதாகத் திரண்டுவிட்டது. அதை நுரையில் சேர்த்ததும் நுரை கண்ணெதிரே அமுங்கியது. வெள்ளைக்கரு நுரைக்கு எண்ணெயைப் போல எதிரி வேறில்லை.

அரைக்கும்போது எடுத்து வைத்த 200 கிராம் சர்க்கரையிலிருந்தே இரண்டு டேபிள்ஸ்பூன் முந்திரியோடு சேர்த்துவிடுங்கள். கசியும் எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட விடாமல் பல்ஸில் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி மட்டும் சுற்றி, நடுவில் ஜாரைக் குலுக்கி, ரவை சல்லடையில் சலிக்க வேண்டும். மேலே நிற்பதை மறுபடி இரண்டு சுற்று. கடைசியில் சல்லடையில் தங்கும் ஒரு கைப்பிடி நொய்யை வீணாக்காமல் அப்படியே பொடியோடு சேர்த்துவிடலாம். கடிக்கும்போது அகப்படும் அந்தச் சிறு துணுக்குகள்தாம் ருசி. முழுவதையும் மாவாக்கிச் செய்த தட்டு மென்மையாக இருந்தது, ஆனால் முந்திரி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஃப்ரீசரில் வைத்த முந்திரியாக இருந்தால் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். குளிர்ந்த முந்திரியில் காற்றின் ஈரம் பனியாகப் படியும்.

நுரை

முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடைத்துப் பிரியுங்கள். குளிராக இருக்கும்போது மஞ்சள்கரு உடையாமல் நிற்கும். மூன்று கிண்ணம் வையுங்கள். முதல் கிண்ணத்தில் ஒரு முட்டையின் வெள்ளையை இறக்கி, மஞ்சள் கலக்கவில்லை என்று பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மூன்றாவது கிண்ணத்துக்கு. நான்காவது முட்டையின் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் முதல் மூன்றும் சேர்ந்து கெடும். கீறல் விட்ட முட்டை இந்த வேலைக்கு வேண்டாம். பிரித்த வெள்ளையை அரை மணி நேரம் மூடி வைத்து, குளிர் போனதும் அடித்தால் நுரை கூடுதலாக எழும்பும்.

சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துச் சலித்து ஆறவிடுங்கள். பொடித்த சூட்டோடு சேர்க்கக் கூடாது. கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும். அதில் செய்தால் கூம்பு நன்றாக நிற்கிறது, ஆனால் வாயில் கரையும்போது ஒரு மாவுத்தன்மை தட்டுகிறது. வீட்டில் பொடித்ததே மேல்.

பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் எலுமிச்சை மூடியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுத்தர வேகத்தில் இரண்டு நிமிடத்தில் சோப்பு நுரை மாதிரி வரும். எலுமிச்சைச் சாறு இப்போது. இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தில் பீட்டரைத் தூக்கினால் நுனி எழுந்து மடிந்து விழும். சர்க்கரை தொடங்க வேண்டிய இடம் இது. ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு இருபது விநாடி அடித்து, அடுத்த ஸ்பூன். மொத்தமாகக் கொட்டிய தட்டில் நுரை கனத்து உட்கார்ந்தது; அப்புறம் கால் மணி நேரம் அடித்தும் எழவில்லை.

சர்க்கரை முழுவதும் போன பிறகு வேகத்தைக் கூட்டி மேலும் மூன்று, நான்கு நிமிடம். இப்போது துளி நுரையை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒரு குருணை கூடத் தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் ஒரு நிமிடம் அடித்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். கரையாத சர்க்கரை ஓவனில் உருகி, மக்ரூனின் அடியில் பாகாகக் கசிந்து, காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பதமான நுரையில் ஒரு மினுமினுப்பு இருக்கும். பீட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் நுனி ஊசி மாதிரி நேராக நிற்கும். மினுக்கம் போய் வறண்டு, பஞ்சுத் துண்டுகளாகப் பிரியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள், அதை மீட்க வழியில்லை. பீட்டர் சூடேறினால் நடுவில் ஒரு நிமிடம் நிறுத்தலாம், நுரைக்கு ஒன்றும் ஆகாது.

கலந்து பிழிவது

முந்திரிப் பொடியை மூன்று பங்காகப் பிரித்து, சிலிக்கான் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துச் சேர்க்க வேண்டும். பீட்டரைத் தொடக் கூடாது. பொடி கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மொத்தம் இருபது, இருபத்தைந்து மடிப்புக்குள் முடிய வேண்டும். அங்கங்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் தெரியட்டும். முந்திரி உள்ளே போன கணத்திலிருந்து அதன் எண்ணெய் நுரையை அரிக்கத் தொடங்குகிறது. கலந்த பத்து நிமிடத்தில் பிழிந்து முடித்துவிட வேண்டும் என்பதால் ஓவன் முன்பே சூடாகி, தட்டில் காகிதம் தயாராக இருக்க வேண்டும்.

பிழிய கேக் கடையில் விற்கும் பைப்பிங் பையோ, தடித்த ப்ளாஸ்டிக் கவரின் முனையை வெட்டியதோ போதும். துளை 12 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டரில் முந்திரி நொய் அடைத்துக்கொள்கிறது. அழுத்திப் பிழியும்போது உள்ளே இருக்கும் நுரை உடைந்து, கடைசிப் பத்து மக்ரூன் தண்ணீராக விழுகிறது. தட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு அடி விரிந்ததும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மேலே இழுத்தால் கூம்பு தானாக அமையும். ஒன்று 10 கிராம். இந்த அளவுக்கு 47, 48 வருகிறது. 15 கிராமில் பிழிந்தவை பார்க்க அழகு, ஆனால் மற்றவை காய்ந்த பிறகும் அவற்றின் நடு ஈரமாகவே இருந்தது. ஒரு தட்டில் எல்லாமே ஒரே அளவாக இருப்பது இதனால்தான் முக்கியம்.

காகிதம் சிலிக்கான் பூசிய பார்ச்மென்ட் வகையாக இருக்கட்டும். சாதாரண மெல்லிய பட்டர் பேப்பர் ஈரத்தில் சுருங்கி, மக்ரூனின் அடியைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. தட்டில் நெய்யோ எண்ணெயோ தடவவே கூடாது.

சூடு

அதிக நேரம் பிடித்த இடம் இது. முதலில் 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்த தட்டு: மேலே பழுப்பு, பக்கவாட்டில் வெடிப்பு, உடைத்தால் மேல் ஓட்டுக்குக் கீழே பெரிய பொந்து, அடியில் ஜவ்வு. வெளிப்புறம் சீக்கிரம் இறுகிவிட்டதால் உள்ளே இருந்த நீராவி வழி தேடி வெடித்திருக்கிறது. 120-இல் வைத்த தட்டில் வெடிப்பு குறைந்தது, ஆனால் தோலில் தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாகச் சர்க்கரைத் துளி வியர்த்தது. அதுவும் சூடு கூடியதன் அடையாளமே; நுரை சட்டென்று சுருங்கி உள்ளிருக்கும் பாகை வெளியே தள்ளுகிறது.

குமிழை 100-க்கு இறக்கியும் அதே துளிகள் வந்தன. தெர்மாமீட்டர் வைத்த பிறகுதான் ஹீட்டர் ஒவ்வொரு முறை எரியும்போதும் 150-ஐத் தொடுவது தெரிந்தது. ஓடிஜியின் உடம்பு மெல்லிய தகரம், சூட்டைப் பிடித்து வைக்க அதில் ஒன்றுமில்லை. விறகு அடுப்பில் அந்த வேலையைச் செங்கல் செய்கிறது. ஆகவே மொட்டை மாடியில் பதிக்கும் தட்டையான ஓடு இரண்டைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, காலி ஓவனில் ஒரு தடவை சூடாக்கி ஈரம் போக்கிய பின், கீழ்க் கம்பித் தட்டில் படுக்க வைத்தேன். இரண்டும் சேர்ந்து சுமார் மூன்று கிலோ. கீழ் ஹீட்டருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். ஹீட்டர் மீது எதுவும் படக் கூடாது.

மாற்றம் உடனே தெரிந்தது. நாற்பது நிமிடம் சூடேற்றிய பிறகு முள் 100-க்கும் 118-க்கும் இடையில்தான் ஆடுகிறது. அணைத்த பிறகு முன்பு இருபது நிமிடத்தில் 60 டிகிரிக்கு இறங்கியது, இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. ஓட்டுக்கு ஆன செலவு அறுபது ரூபாய். வீட்டு ஓவனில் மக்ரூன் செய்ய விரும்பும் யாருக்கும் வேறெதையும் விட முதலில் இதைத்தான் சொல்வேன்.

இப்போது கடைப்பிடிக்கும் முறை: கீழ் ஹீட்டர் மட்டும். மேல் ஹீட்டர் நுனியைக் கருக்கும். தட்டு நடு அடுக்கில். முதல் அரை மணி நேரம் கதவிடுக்கில் மரக்கரண்டியின் காம்பைக் கொடுத்து ஒரு சென்டிமீட்டர் திறந்தே வைக்க வேண்டும். வெளியேறும் நீராவி கதவுக் கண்ணாடியில் படிந்து வழிவது நிற்கும்வரை. அப்போது சூடு குறையும் என்பதால் குமிழைச் சற்றே கூட்டி, உள்ளே 105 காட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கதவை மூடி 100 முதல் 110-க்குள் எழுபது நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் அப்படியே விட வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஏற்றினால் பத்துக்கு முன் அணைத்துவிட்டுக் காலையில் எடுக்கலாம். நடுவில் எட்டிப் பார்க்கத் திறந்த தட்டுகளில் கூம்பு ஒரு பக்கம் குழி விழுந்தது.

பதம் பார்ப்பது

நிறம் மாறக் கூடாத பண்டத்தில் கண்ணை வைத்துப் பதம் சொல்ல முடியாது. தராசு சொல்லும். காலித் தட்டையும் காகிதத்தையும் முன்பே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிழிந்த கலவை சுமார் 480 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். காலையில் மக்ரூன் மட்டும் 380 கிராமோ அதற்குக் கீழோ நின்றால் காய்ந்துவிட்டது. 400-க்கு மேல் நின்ற தட்டில் உடைத்த ஒவ்வொன்றிலும் நடுவில் பட்டாணி அளவு பிசின் இருந்தது. அப்படி நின்றால் மறுபடி 90 டிகிரியில் முப்பது நிமிடம் ஏற்றி, அணைத்து, ஆறவிட்டு மீண்டும் நிறுக்கலாம். ஒன்றும் கெடுவதில்லை. சரியாகக் காய்ந்தது காகிதத்தை விட்டுத் தானாக நகரும், அடியில் ஒட்டின தடம் இருக்காது.

எடுத்த கையோடு டப்பாவில் போட்டு மூட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த தட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலே தோல் பிசுபிசுக்கத் தொடங்குகிறது. மழை பெய்யும் நாளில் செய்யவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓவனுக்குள்ளேயே முழுக்க ஆறவைத்து, நேரே டப்பாவுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் இரண்டு வாரம் மொறுமொறுப்பு குறையாமல் இருந்தது. ஃப்ரிட்ஜ் வேண்டாம். நமுத்துவிட்டால் 90 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டு வரும், ஒரு தடவைதான்.

செலவு

முட்டை நான்கு 26 ரூபாய். துண்டு முந்திரி கிலோ 850 என்று கணக்கு வைத்தால் 180 கிராம் 153 ரூபாய். சர்க்கரை 9, காகிதம் 10. கீழ் ஹீட்டர் மட்டும் விட்டு விட்டு எரிவதால் மின்சாரம் ஒரு யூனிட்டை ஒட்டி வருகிறது, 7 ரூபாய் போடலாம். ஆக மொத்தம் 205 ரூபாய்க்கு 380 கிராம், கிலோவுக்கு 540. கூலி சேர்க்கவில்லை. செலவில் முக்கால் பங்கு முந்திரி. அதைக் குறைத்து நிலக்கடலை கலந்தால் மலிவாகும், ஆனால் கடலையின் வாசனை வெள்ளைக்கருவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அது வேறு பண்டம். மிஞ்சும் நான்கு மஞ்சள்கருவை அன்றே கஸ்டர்டுக்கோ முட்டைப் பொரியலுக்கோ எடுத்துவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் மேலே தோல் கட்டும்.

அடுத்த முறை

மேல் அடுக்கிலும் ஓடு ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது தட்டின் பின்வரிசை முன்வரிசையை விடச் சற்று முந்திக் காய்கிறது; மேலிருந்தும் சூடு பரவினால் அது சமப்படலாம். முந்திரியை 200 கிராமுக்கு ஏற்றி, 130 வெள்ளைக்கரு தாங்குகிறதா என்றும் சோதிக்க வேண்டும். 190 வரை கூம்பு நின்றது, நுனிதான் கொஞ்சம் சாய்ந்தது. ஃபேன் உள்ள கன்வெக்ஷன் ஓவனில் நேரம் குறையும், ஆனால் பிழிந்த ஈரத்தில் காற்றடித்தால் நுனி வளையும். முதல் அரை மணி நேரம் ஃபேனை நிறுத்தி வைக்க முடிகிற ஓவனாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். இரண்டு தட்டை ஒரே நேரத்தில் ஏற்றுவது 28 லிட்டரில் நடக்காது: கீழ்த் தட்டின் நீராவி மேல் தட்டின் அடியில் படிந்து இரண்டையும் கெடுக்கிறது. இரண்டு மடங்கு வேண்டுமென்றால் கலவையை இரண்டு மடங்காக்காமல், இரண்டு இரவாகப் பிரித்துச் செய்வதே வழி.